கேட்டு வாங்கிய வழிகாட்டி

"பேசாம வேற மாணவியைத் தந்துடறேன் மேடம். இவளோட நீங்க மல்லுக்கட்ட வேணாம்," என்றார் பேராசிரியர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

கட்டட வடிவமைப்பாளர் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "புகார் பண்ணினாளா சார்?"

"அவளாவது, புகார் பண்றதாவது! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். போன தடவை பாதியிலேயே பிளானைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போயிட்டாளாமே? கூடப் படிக்கிற பொண்ணு சொன்னா."

உண்மைதான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர்களுக்கு, அதே தொழிலில் இருக்கும் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் திட்டம் அது. மாதம் ஒருமுறை சந்திப்பு. வடிவமைப்பாளரான இவளுக்கு அது புதிதல்ல. முன்பு இவளிடம் வந்த மாணவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகும் போன் செய்து பேசுகிறார்கள்.

இந்தப் பெண்ணோடு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. மாணவி வருகிற நாளென்றால் காலையிலிருந்தே இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாற்காலியை இப்படிப் போட்டுப் பார்ப்பாள், அப்படிப் போட்டுப் பார்ப்பாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததும், தெரிந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்ப்பாள்.

போன தடவையும் அதுதான் நடந்தது. குழந்தைகள் கிளினிக் ஒன்றுக்கு பிளான் போட்டுக் கொண்டுவந்திருந்தாள் மாணவி. இவள் சிவப்புப் பென்சிலை எடுத்து, கதவு இங்கே இடிக்கும், வழி அங்கே குறுகல் என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டாள். தாள் முழுக்கச் சிவப்பு.

"போதும் மேடம்." அவ்வளவுதான் சொன்னாள் அந்தப் பெண்.

"தப்பு என் மேலதான் சார். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கறேனே," என்றாள் இவள்.

"உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணுதான் புரியல. உங்களைக் கேட்டு வாங்கினதே அவதான். இப்ப முறுக்கிக்கிட்டா என்ன அர்த்தம்?"

"என்ன சொல்றீங்க? குலுக்கல்ல வந்ததுன்னுதானே நெனச்சிட்டிருந்தேன்!"

"குலுக்கல் மத்தவங்களுக்கு. இவ நேரா என் ரூமுக்கு வந்து, 'எனக்கு இந்த மேடம்தான் வேணும்'னு ஒத்தைக்கால்ல நின்னா."

அவர் போன பிறகு வெகுநேரம் இவளுக்கு வேலையில் மனம் போகவில்லை.

அடுத்த சந்திப்புக்கு மாணவி வந்தபோது மேசைமேல் பென்சிலே இல்லை.

"வணக்கம் மேடம்," என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பிளானைப் பிரிக்கப் போனாள்.

"அதைப் பிரிக்காதே, கையிலேயே எடுத்துக்க. வா, வெளியே போவோம்."

"எங்க?"

"அடுத்த தெருவுல ஒரு குழந்தைகள் கிளினிக் இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். சும்மா உட்கார்ந்து பார்ப்போம்."

கிளினிக்கில் ஓரமாக ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இவள் பேசவில்லை. பேசிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தோளில் குழந்தையும் கையில் பையுமாக வந்த ஒரு தாய், கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். உள்ளே நின்ற பையனின் நெற்றியில் கதவு 'நங்'கென்று இடித்தது. பையன் வீலென்று கத்தினான். இருமிக்கொண்டே வந்த ஒரு சிறுமிக்கு, ஊசி போட வந்த கைக்குழந்தைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"என் பிளான்லயும் கதவு இப்படித்தான் திறக்கும்," என்றாள் மாணவி, மெல்ல. இருமிய சிறுமியின் பக்கம் திரும்பினாள். "இருமலோட வர்றவங்களுக்குத் தனியா ஒரு வழி வெச்சா?"

"எங்க வைப்ப?"

மாணவி சுருளைப் பிரித்துத் தாளின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தாள். இவள் கேட்கக் கேட்க, அவள் வரைந்துகொண்டே போனாள். கூட்டம் கலைந்தது கூட இருவருக்கும் தெரியவில்லை.

"முன்னாடியே இப்படிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம்? தப்பைத் தவிர வேற எதுவும் உங்க கண்ணுல படாதோன்னு நெனச்சேன்."

"உன்கிட்ட நல்ல பேர் எடுக்கணுமேன்னு பயம். பயத்துல வாய் ஓயல."

"உங்களுக்கா பயம்?" மாணவி முதல்முறையாகச் சிரித்தாள். "நான்தான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டு வாங்கின?"

சிரிப்பு சட்டென்று நின்றது. "சார் போட்டுக் கொடுத்துட்டாரா?" நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கட்டின நூலகத்துக்குப் போயிருந்தேன். சின்னப் பசங்க பகுதியில, தரையில உட்கார்ந்தாலே வெளியே மரம் தெரியற உயரத்துல சன்னல் வெச்சிருந்தீங்க. நானும் ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படி யோசிக்கிறவங்க வேலை செய்யறப்ப எப்படி இருப்பாங்கன்னு பக்கத்துல இருந்து பார்க்கணும்னு தோணுச்சு."

இவள் பெஞ்சில் நகர்ந்து அவள் பக்கம் திரும்பினாள். "பார்த்தாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

மாணவியின் போன் அடித்தது. "ம்... கிளினிக்லதான். ரெண்டு பேரும்தான். இதோ வர்றோம்," என்று வைத்தாள். சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தவள், இரண்டடி போய்த் திரும்பி நின்றாள்.

"அப்பா வண்டியோட வாசல்ல நிக்கறார். வீட்டுக்குப் போலாம், வாங்க சித்தி."

அவளுடைய அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து, அந்தப் பெண் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.