குப்பையில் நாற்பத்து மூன்று

"பச்சையம்மா, இந்தக் குப்பையைக் கடைசியா எப்பக் கொட்டுனீங்க?"

"கொட்டலீங்க மேடம்."

"ஒரு தடவைகூடவா?"

"கொட்டறதுக்கா குப்பை?"

ஷோபனா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கலசப்பாக்கத்தில் விடிவதற்குள் பஸ் ஏறி, மலைப்பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து இந்தச் சாமை அரைக்கும் மகளிர் குழுவுக்கு வந்தது இந்தப் பதிலைக் கேட்கவா?

குழுவின் கணக்குக்கும் ஊர்க்காரர்களின் மனுக்களை மெயிலில் அனுப்பவும் என்று கம்ப்யூட்டர் வந்து ஒன்றரை வருஷம். காசு கேட்காத இலவச மென்பொருள்களாகப் பார்த்துப் போட்டு, அழித்த ஃபைல் போய்ச் சேரும் இடத்துக்குக் 'குப்பை' என்பதுபோல எல்லாப் பெயரும் தமிழில் தெரியும்படி செய்து கொடுத்தவள் பயிற்சியாளரான ஷோபனாதான். பக்கத்துச் சுவரில் ஏழு குறிப்புகளும் எழுதி ஒட்டியிருந்தாள்.

ஆறு குறிப்பில் குறை சொல்ல வழியில்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தது. பென் டிரைவில் நகல் இருந்தது. பாஸ்வேர்டை ஷோபனாவுக்கே சொல்ல, கம்ப்யூட்டர் பொறுப்பிலிருந்த பச்சையம்மா யோசித்தாள். ஐந்தாவது குறிப்பில்தான் இடித்தது: 'வாரம் ஒரு முறை குப்பையைக் காலி செய்யவும்.'

"நாப்பத்து மூணு ஃபைல் கெடக்குது இதுல. வூட்லயும் இப்படித்தான் குப்பையைச் சேத்து வெப்பீங்களா?"

"ஆமாங்க மேடம். பின்னால குழியே வெட்டி வெச்சிருக்கோம். ஒரு வருசம் மக்கணும். அப்பறம் வண்டி கட்டிக் கொல்லைக்கு அடிப்போம். குப்பை அடிக்காம சாமை எங்க வெளையும்?"

கதவோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்சவல்லி, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் இன்னா சொல்றேன், நீங்க இன்னா சொல்றீங்க? மக்கு மாதிரி பேசாதீங்க!"

பச்சையம்மா சுவரைப் பார்த்தாள்.

ஷோபனா அங்கேயே அறிக்கையை டைப் செய்தாள். 'பச்சையம்மா கம்ப்யூட்டர் பொறுப்புக்குத் தகுதியில்லை. பிளஸ் டூ படித்த ரம்யாவை நியமிக்கலாம்.' இரண்டே வரி. அனுப்பினால் நாளைக்கே சாவி கைமாறும்.

"என்னைத் தப்பா நெனைக்காதீங்க. பதினாலு குழுவுக்கு நான் ஒருத்திதான். நாலு வருசமா என்மேல ஒரு புகார் கெடையாது. ஒண்ணே ஒண்ணு போனாலும் அடுத்த வருசம் எனக்கு வேலை இல்ல. அவ்ளோ கரெக்டா இருக்கணும்."

"தெரியுங்க மேடம்" என்றாள் பச்சையம்மா.

கொட்டுவதற்கு முன் என்னதான் சேர்த்திருக்கிறாள் என்று ஷோபனா ஒன்றைத் திறந்தாள். மனு. 'ஐயா, ராஜாக்கண்ணுவின் ஆடு என் கொல்லையை மேய்ந்துவிட்டது. அவர்மேல் கேஸ் போடவும்.' இன்னொன்று, ராஜாக்கண்ணு கொடுத்தது. 'ஐயா, என் ஆட்டின் காலை உடைத்துவிட்டார்கள்.' நாற்பத்து மூன்றும் மனுக்கள்.

"இதெல்லாம் மேலாபீசுக்கு மெயில்ல போக வேண்டியதாச்சே!"

"கோவத்துல ஓடியாருவாங்க மேடம். சொல்றதை ஒரு எழுத்து வுடாம அடிச்சிருவேன். 'ஒரு மாசம் குப்பையில கெடக்கும், மக்கலன்னா வந்து கேளு'ன்னு சொல்லித்தான் அனுப்புவேன். நாப்பத்தஞ்சு பேர் குடுத்தாங்க. திரும்பி வந்து கேட்டவங்க ரெண்டே பேர். அந்த ரெண்டையும் எடுத்து அனுப்பிட்டேன். மிச்சத்துல ஆட்டுக்காரரும் கொல்லைக்காரரும் இப்ப சம்பந்தி."

"நெஜமாவே பெரிய விஷயமா இருந்தா?"

"அது குப்பைக்கே போவாது."

அம்சவல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கோணலாகச் சேர்ந்திருந்த இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எம்புருசன் ஒடைச்சது மேடம். அன்னிக்கு மழை, கரண்டு இல்ல. இவ நனைஞ்சுக்கினே போயி போலீஸ் டேசன்ல மனுவைக் குடுத்துட்டுத்தான் வூட்டுக்குப் போனா."

ஷோபனா திரையின் பக்கம் திரும்பினாள். பட்டியலை மேலே நகர்த்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆகக் கடைசியாகப் போட்ட மனு. போன முறை அவள் வந்துபோன மறுநாள் தேதி.

'ஐயா, பயிற்சியாளர் ஷோபனா எங்களை வார்த்தைக்கு வார்த்தை மக்கு என்று பேசுகிறார். எங்கள் பிள்ளைகள் எதிரிலேயே பேசுகிறார். அவரை மாற்றித் தர வேண்டுகிறோம்.'

கீழே பதினேழு பெயர்கள். குழுவில் மொத்தமே பதினேழு பேர்தான். பதினேழாவது பெயர் பச்சையம்மா.

அரவை மெஷின் ஓடி நின்றது.

ஷோபனா தன் அறிக்கையை இழுத்துக் குப்பையில் போட்டாள். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கானது. பிறகு, இரண்டும் சேர்ந்தே தொலையட்டும் என்று, 'காலி செய்' என்ற எழுத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

பச்சையம்மா அவள் கையை மெதுவாகப் பிடித்தாள்.

"அவசரப்படாதீங்க மேடம். உங்களுது இன்னும் மக்கல."