மலைக்கு ஏறாத தெரு

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் டூட்டிங்கில், எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் மரிசெல், பிலிப்பைன்ஸ் கடற்கரைக்காரி. ஸ்பானியர் காலத்திலிருந்தே இருந்த அவளது ஊரை ஒரு புயலன்று கடல் விழுங்கியது, அவளது தாயோடு. மிஞ்சியவர்களை அரசு மலையில் குடியேற்றியது. ஆனாலும் நத்தார்ப் பண்டிகைக்கு அவள் தாயின் பழைய முகவரிக்கே பரிசுப் பெட்டி கட்டினாள். என் அம்மா டேப் ஒட்டிக் கொடுத்தார்.

"இல்லாத தெருவிலை ஆரம்மா வாங்குறது? உங்களுக்கும் விசரே?" என்று கத்தினேன். வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் புவியியலில்.

பெட்டியை அங்கே ஒப்படைத்ததும் பார்சல் கம்பனிக்காரர் வழக்கம்போல, வாங்கியவரின் படம் அனுப்பினார்கள். மரிசெலின் தாய் பெட்டியை அணைத்தபடி நிற்கிறாள். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது.

அடுத்த பெட்டியில் அம்மா தலை துவட்டத் துவாய் வைத்தார். அதன்மேல், முல்லைத்தீவில் சுனாமி கொண்டுபோன என் நாலு வயதுத் தம்பிக்கு ஒரு சட்டை.

"கடல் ஒண்டுதானே, பிள்ளை."

இந்தமுறை டேப்பை நான் ஒட்டினேன்.