செம்பருத்திக்குப் போகும் வழி

“வழவழன்னு கீற கடப்பாக் கல்லுதான் தோட்டத்துக்கு அழகு, இன்னாமே நீ—” “அழகு பாத்துகினே வழுக்கி உழு, நான் வாரிகினு கெடக்கிறேன்!” பாரிவாக்கம் கல் கடையில் டில்லிபாபுவும் மனைவி அனுசுயாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். “செம்பருத்திச் செடிக்குப் போற வழியில சொரசொரப்புக் கல்லுதான்யா போடணும். கால் வெச்சா தெரியும்.” “காலுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? எனக்குக் கண்ணு இல்லியா?” அனுசுயா கல் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். டில்லிபாபுவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பேச்சை அவர் வீட்டில் யாரையும் எடுக்கவிட்டதில்லை. வெயில் ஏறுகிறது. உள்ளே கல் அறுக்கும் சத்தம் நின்று நின்று கேட்கிறது. தூள் பறந்து வந்து இருவர் தலையிலும் படிகிறது. கல் வாங்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பதற்குச் செய்வதுபோல, அவள் ஒரு சொரசொரப்புக் கல்லின் மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றுகிறாள். தூசி கழுவிப்போய், கல் செக்கச்செவேலென்று மின்னுகிறது. டில்லிபாபு குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக்கல்லில் ஏறி நிற்கிறார். கால்விரல்கள் விளிம்பைத் தேடிப் பிடித்து, அங்கேயே ஊன்றிக்கொள்கின்றன. “சரிமே, இதையே போடலாம்,” என்கிறார் தணிந்த குரலில். “இது இன்னா கலருன்னு மட்டும் சொல்லு.”