குழாய் அவன் கையில்

எச்சிலை உறிஞ்சும் குழாயைச் சபரீஷின் கையிலேயே கொடுத்துவிட்டார் பல் டாக்டர் மெர்சி.

பிரவீனாவுக்குப் பகீரென்றது. மகனுக்கு இருபத்திரண்டு வயதாகிறது என்று பேர்தான். ஒரு டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க வராது. பேச்சும் வராது. எந்நேரமும் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவள் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடப்பது அதற்குத்தான்.

கடைவாய்ப் பல் சொத்தையாகி, வலி தாங்காமல் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தான். கஞ்சி கூட இறங்கவில்லை. கோயமுத்தூரில் அவள் ஏறாத படியில்லை. வாயில் இப்படி எச்சில் ஊறினால் அடைக்கிற மருந்து ஒட்டாது, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. மயக்கம் கொடுத்தால் அவன் இதயம் தாங்காது என்று இதய டாக்டர் கையை விரித்துவிட்டார். சிங்காநல்லூரில் இந்த மாடிக்கு வந்தது கடைசி நம்பிக்கையில்தான். இங்கேயும் ஆகவில்லை என்றால் வேறு போக்கிடமில்லை.

"ஏனுங்க டாக்டர், கடிச்சுப்போட்டா என்னங்க பண்றது?"

"கடிக்கட்டுங்க, பிளாஸ்டிக்தானுங்க. தம்பியே புடிச்சுக்கிட்டா பயம் வராது."

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். சபரீஷ் குழாயை அதற்குள் விட்டான். சர்ரென்று டம்ளர் காலி. அவன் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு குழாயைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அது தோலைப் பிடித்து இழுக்க, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த வாய் மூடுவதற்குள் டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குழாயைக் கன்னத்தோரம் நுழைத்துவிட்டார். கெட்டிக்காரர்.

சளசளவென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெறும் காற்றுச் சத்தமாக மாறியது.

பிரவீனாவின் கை பழக்கத்தில் துண்டோடு எழுந்தது. துடைக்க ஒன்றுமில்லை.

உதடு காய்ந்திருந்தது. மோவாய் காய்ந்திருந்தது. அந்த மோவாயில் ஒரு சின்னக் குழி இருப்பதைப் பெற்றவள் அன்றுதான் பார்த்தாள். இத்தனை காலமும் அது துண்டுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

கோயிலில் திரை விலகும்போது கூட அவள் அப்படி நின்றதில்லை. என் பிள்ளைக்கு இப்படியொரு முகமா என்று மலைத்துப்போய் நின்றாள்.

மரத்துப்போகப் போட்ட ஊசியை அவன் சட்டை செய்யவில்லை. பல்லைக் குடைந்தபோது தண்ணீர் பீய்ச்சியது. அது தேங்கிய பக்கத்துக்குக் குழாயை அவனே நகர்த்தினான். யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டர் நீல விளக்கைக் காட்ட, அடைத்த மருந்து கல்லாக இறுகியது.

"அவ்வளவுதானுங்க" என்றார்.

குழாயை வாங்கிக்கொள்ள உதவிக்கு நின்ற யுவஸ்ரீ கையை நீட்டினாள். சபரீஷ் தரவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தான். குழாயை அவள் கன்னத்தில் வைத்தான்.

சளசளவென்று சத்தம் வந்தது.

தான் அழுதுகொண்டிருப்பது பிரவீனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

யுவஸ்ரீ நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். டாக்டரும் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

அவன் அடுத்த கன்னத்துக்குப் போனான். அம்மாவின் தலை ஆடாமல் இருக்க, மறு கையால் அவள் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டான், தினமும் அவள் அவனைத் தாங்கிப் பிடிப்பதுபோலவே.