கடைசிப் பாட்டுக்கு மட்டும்

“ஒண்ணு இந்த டீச்சரம்மா இருக்கணும், இல்லே நம்ம காது இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க ஐயா!”

சபைச் செயலாளர் மேஜையைத் தட்டினார். மெதடிஸ்ட் ஆலயத்தின் நூறாவது ஆண்டு விழாவைப் பற்றிப் பேசக் கூடிய கமிட்டியின் பேச்சு, எதிரே உட்கார்ந்திருந்த, ஆர்கன் வாசிக்கும் பாட்டு டீச்சரிடம் வந்து நின்றது.

“பைப் ஆர்கன்னா சும்மாவா? நம்ம பெரியவங்க கப்பல்ல பெட்டி பெட்டியா வரவழைச்சது. கரண்ட் வராத காலத்துல பின்னாடி ஒரு ஆள் நின்னு துருத்தி அடிச்சாத்தான் பாடும். வெள்ளம் வந்தப்போ வீட்டுச் சாமானை விட்டுட்டு, இதோட குழாயைக் கழட்டித் தோள்ல தூக்கிட்டு ஓடியிருக்காங்க. விழா மலருக்கு எல்லாத்தையும் நான்தான் எழுதறேன். அப்பேர்ப்பட்ட ஆர்கன், இவங்க கையில மாட்டிக்கிட்டு அலறுது!”

யாரும் மறுக்கவில்லை. மற்ற பாட்டெல்லாம் டீச்சர் பூப்போலத்தான் வாசிப்பார். ஆராதனையின் கடைசிப் பாட்டு வந்தால் போதும், ஆர்கனின் சத்தம் கூட்டும் குமிழ் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடி அதிர வாசிப்பார். சில மாதமாகத்தான் இப்படி. பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரலே கேட்காது.

“கொஞ்சம் குறைச்சுத்தான் வாசிங்களேம்மா,” என்றார் போதகர்.

“முடியாதுங்க ஐயா.”

“ஏன்?”

“காரணம் மட்டும் கேக்காதீங்க.”

“திமிரைப் பாத்தீங்களா? வேற ஆளைப் போடுங்க!” என்றார் செயலாளர்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. டீச்சர் ஆர்கன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“டீச்சர், நில்லுங்க.”

பெண்கள் சங்கத்தின் சார்பில் மூலையில் உட்கார்ந்திருந்த செயலாளரின் மனைவி.

“அந்தச் சத்தம் எனக்காகத்தான்.”

“என்ன உளர்றே? உட்காரு,” என்றார் செயலாளர்.

“நம்ம பையன் இறந்தப்போ என்ன சொன்னீங்க? ‘அவன் கர்த்தர்கிட்ட போயிருக்கான். செயலாளர் வீட்டுலயே அழுதா சபை என்ன நினைக்கும்?’னு சொன்னீங்க. வீட்டுலகூட அழ விடலை. கடைசிப் பாட்டுக்கு நீங்க எல்லாருக்கும் கை கொடுக்க வாசலுக்குப் போயிடுவீங்க. எனக்குப் பக்கத்துல அவன் நிக்கிற இடம் காலியா இருக்கும். ஒரு நாள் அடக்க முடியாம வாய்விட்டு அழுதுட்டேன். முன் வரிசையில்ல? டீச்சருக்குக் கேட்டுடுச்சு. உடனே சத்தத்தைக் கூட்டிட்டாங்க. அன்னிலேருந்து வாராவாரம் அப்படித்தான். இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை.”

செயலாளர் மனைவியைப் பார்த்தார். பிறகு தலைகுனிந்தார்.

போதகர் சாவியை எடுத்து டீச்சர் கையிலேயே கொடுத்தார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

அடுத்த ஞாயிறு, கடைசிப் பாட்டு தொடங்கியது. செயலாளர் வாசலுக்குப் போகவில்லை. முன் வரிசைக்கு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார்.

டீச்சர் அதைப் பார்த்தார். விஷயம்தான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்று மெதுவாகவே வாசித்தார்.

முதல் சரணம் முடிவதற்குள் செயலாளர் ஆர்கன் பக்கம் சாய்ந்தார்.

“சத்தமா வாசிங்க டீச்சர். இன்னிக்கு நாங்க ரெண்டு பேர்.”