கொட்டாவி

பொத்தானை அழுத்தினேன். இலைகள் எழுந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

யாரோ தூக்கத்தில் போர்வையை உதறியதுபோல அவை மெல்ல எழுந்து, மெல்லப் புரண்டு, வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டன.

நேற்றுக் கடைக்காரர் இந்தப் புது மெஷினை ஓட்டிக் காட்டியபோதும் இப்படித்தான். முதலில் ஆன் பண்ணுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேசைமேல் இருந்த காகிதங்களைப் பறக்கவிட்டார். உடனே வாங்கிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் தோட்டங்களில் இலை ஊதித் தள்ளும் பெட்ரோல் ப்ளோயரை முதுகில் சுமந்தவன் நான். கயிற்றை இழுத்தால் முதலில் இருமும், பிறகு உறுமும். அதன் பிறகு தெருவில் வேறு பேச்சே கிடையாது. வேலை முடிந்து படுத்தாலும் முதுகெலும்புக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

காது மூடி என் கழுத்தில் தொங்குவதோடு சரி. காதை அடைத்துக்கொண்டால் இன்ஜினின் நாடி எப்படித் தெரியும்? உள்ளே தூசி அடைத்திருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பேட்டரி ப்ளோயர் இந்த வீட்டுக்காக வாங்கியது. மாடியில் மூன்று மாதக் கைக்குழந்தை. போன வாரம் எங்கள் பெட்ரோல் மெஷினால் அது தூக்கம் கலைந்து, வீட்டுக்கார அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். இன்னொரு தடவை குழந்தை எழுந்தால் வரவே வேண்டாம் என்று என் மச்சினனிடம் சொல்லியிருக்கிறார். இந்தத் தெருவில் மற்ற பதினொரு தோட்டமும் அந்த அம்மா சொல்லித்தான் எங்களுக்குக் கிடைத்தது. இது போனால் எல்லாம் போகும்.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, பெட்ரோல் கட்சி. அந்த வாசனை சட்டையில் ஏறாவிட்டால் அவனுக்கு வேலை செய்த மாதிரியே இருக்காது. காலையில் வண்டியில் வைத்தே புது மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"இதுவும் கத்தத்தான் செய்யுது மாமா. அது எருமை மாதிரி கத்தும், இது கொசு மாதிரி கத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்."

வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். அவன் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலியை வெட்டப் போனான்.

நான் தண்ணீருக்கு அடியில் நடப்பவனைப்போலத் தோட்டத்தில் நடந்தேன். அதிர்வு இல்லை, புகை இல்லை. மஞ்சள் இலைகள் எனக்கு முன்னால் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டன. இத்தனை வருடத்தில் வேலை செய்துகொண்டே எதையாவது நினைக்க முடிந்தது இன்றைக்குத்தான்.

மகளை நினைத்தேன். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். இப்போதெல்லாம் போனில் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசுகிறாள். மூச்சு வாங்கும் அல்லவா, பாவம். குழந்தை பிறந்ததும் முதல் அழுகையை அப்பாவுக்குத்தான் போனில் கேட்கவைப்பேன் என்றாளாம். மனைவிதான் சொன்னாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னாள், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதில்மேல் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் இந்தத் தெருவில் பறவைச் சத்தம் காதைத் துளைக்கும். சில வருடமாக ஒன்றும் இல்லை, எல்லாம் எங்கோ போய்விட்டன என்று நினைத்திருந்தேன்.

குருவி அலகைத் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. தாகம்.

மெஷினைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பூந்தொட்டித் தட்டில் என் பாட்டில் தண்ணீரை ஊற்றி மதிலில் வைத்தேன். குருவி பறந்துபோய், நான் விலகியதும் திரும்பி வந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது. மெஷினை எடுத்து மாடிச் சன்னலுக்குக் கீழே இருந்த இலைகளை ஊதத் தொடங்கினேன்.

சன்னல் திரை விலகியது. அந்த அம்மா, தோளில் குழந்தையோடு.

குழந்தை வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. கொட்டாவி தொற்றிக்கொள்ளும் என்பார்கள். எனக்கும் வந்தது. விட்டேன். பிறகு கையிலிருந்த மெஷினை லேசாகத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். பார்த்தீர்களா, உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்பதுபோல.

அவர் சிரிக்கவில்லை.

குழந்தையின் வாய் மூடவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு கொட்டாவி? முகம் சிவந்திருந்தது. இரண்டு கைகளும் முஷ்டியாக இறுகி அம்மாவின் தோளைக் குத்திக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என் மெஷினைச் சுட்டிக்காட்டி மறுபடியும் சொன்னார்.

விரலை எடுத்தேன். பறந்துகொண்டிருந்த இலைகள் விழுந்தன.

காதில் எதுவும் மாறவில்லை.

மச்சினன் வேலியைத் தாண்டி ஓடிவந்து என் கையிலிருந்து மெஷினை மெல்ல வாங்கிக்கொண்டான். சன்னலைப் பார்த்துக் கும்பிட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொன்னானோ என்னவோ.

பிரசவத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. பார்க்க வேறு இடம் தெரியாமல் மதிலைப் பார்த்தேன்.

குருவி அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது.