நீலப் புகை

கூடுதல் வேகத்துக்காக டர்போ பொருத்தி, பந்தயத் தடத்தில் ஓட்டிய கார். அதன் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருந்தான் இளைஞன்.

“புகை என்ன நிறம் தம்பி?” என்றார் மெக்கானிக். “கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். வெள்ளைன்னா தண்ணி உள்ள போகுது.”

“நீலம். வளைவுல ஆக்சிலேட்டரை விட்டதும் வந்துச்சு.”

“அப்ப ஆயில்தான் எரிஞ்சிருக்கு.” டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயைத் தடவிப் பார்த்தார். மலிவான குழாய், நசுங்கிக் கிடந்தது. “யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான்.”

“சட்டுனு நடந்ததா, இல்ல முன்னாடியே நிறுத்தியிருந்தா தப்பிச்சிருக்குமா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

“நாலு சுற்றாவது புகைஞ்சிருக்கும். ஆயில் தீர்ந்த பிறகுதான் எஞ்சின் இறுகி, சக்கரம் சுத்தாம நின்னிருக்கு. அந்த வேகத்துல நீங்க முழுசா வந்து நிக்கிறதே பெரிசு. ஓட்டுறவனுக்கு முதுகுல கண்ணா இருக்கு? பின்னாடி வர்றவன் லைட்டடிச்சுச் சொல்றதுதானே வழக்கம்?”

“சொல்லல. புகைஞ்சா வேகம் குறையும், முந்திடலாம்னு நினைச்சான்.”

“அடப்பாவி. அவனெல்லாம் ஒரு மனுஷனா? ஒரே ஒரு தடவை லைட்டடிச்சிருந்தா எஞ்சினே பிழைச்சிருக்குமே.”

இளைஞன் மெல்லத் தலையாட்டினான். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கத்தான் வந்தவன் போலிருந்தது.

“ஓட்டினது எங்க அண்ணன்,” என்றான். “நேத்துதான் அடக்கம் பண்ணோம். பின்னாடி வந்தது நான்.”